க்ளோண்டைக்கில் யாருடைய கல்லா நிறைகிறது?

14.64 அவுன்ஸ். டிஸ்கவரி சேனலின் ‘கோல்ட் ரஷ்’ நிகழ்ச்சியில், முதல் சீசன் முடிவில் டாட் ஹாஃப்மன் குழு தராசில் வைத்த மொத்தத் தங்கம் இவ்வளவுதான். ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம், நாலு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, 2010-இல் ஓரிகன் மாநிலத்திலிருந்து இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு அலாஸ்காவுக்குப் போய், ஒரு கோடை முழுக்க மண்ணைப் புரட்டிய குழுவுக்குக் கிடைத்தது 57 பவுன். எங்கள் பக்கம் கொஞ்சம் வசதியான கல்யாணத்தில் பெண்ணின் கழுத்திலும் கையிலுமே அது ஏறிவிடும். அன்றைய விலைக்கு சுமார் 20,000 டாலர். அவர்கள் ஊற்றிய டீசலுக்காவது அது கட்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

அதே நிகழ்ச்சியில் இன்னொரு கணக்கும் உண்டு. பார்க்கர் ஷ்னாபெல் என்ற இளைஞர் 2013-இல், பத்தொன்பது வயதில், கனடாவின் யூக்கான் பகுதியில் உள்ள க்ளோண்டைக் பள்ளத்தாக்குக்குப் போய் முதல் வருடமே 1,029 அவுன்ஸ் எடுத்தார். சில வருடங்களில் ஒரு சீசனுக்கு 7,000 அவுன்ஸைத் தாண்டினார். முதல் கணக்கைப் பார்த்தவர் ‘இது பைத்தியக்காரத்தனம்’ என்பார். இரண்டாவதைப் பார்த்தவர் ‘நாமும் ஒரு எக்ஸ்கவேட்டர் வாங்கலாமா’ என்பார். இரண்டு பேரும் பார்ப்பது தராசில் ஏறிய எடையை மட்டும்தான்.

என் பெரியப்பா மகன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கிறார். போர் போடும் தொழில். ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவரோடு உட்கார்ந்து இந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். எல்லாரும் தட்டில் மின்னும் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பின்னால் நின்ற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். “தங்கம் கெடக்குது உடு தம்பி. இத்தன வண்டிக்கு டீசல் ஆரு ஊத்தறது?” என்றார். போர் தொழிலில் அடிக்கு இவ்வளவு என்று காசு. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் ரிக்காரருக்குக் கூலி உண்டு. புகை மட்டும் வந்தால் நஷ்டம் தோட்டக்காரருக்கு. அந்தக் கண்ணோடு பார்த்ததால்தான் அவருக்கு அந்தக் கேள்வி முதலில் வந்தது.

எனவே ‘சின்னக் குழு தங்கம் தோண்டினால் லாபம் வருமா’ என்ற கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். அந்தப் பள்ளத்தாக்கில் உட்கார ஐந்தாறு இடம் இருக்கிறது: வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தருவதாக, நிலம் எடுத்துத் தோண்டுபவர், நிலக்காரர், சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவர், சாமான் விற்பவர், கேமராவுக்கு முன்னால் நிற்பவர். ஆறாவதாக, எங்கேயும் போகாமல் அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கி வீட்டில் வைப்பவர். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் இதில் எந்த இடத்தில் உட்காருவது?

முதலில் தோண்டுபவர். இதைத்தான் நிகழ்ச்சி அதிகம் காட்டுகிறது, இதில்தான் கணக்கும் சிக்கல்.

யூக்கானில் தங்கம் பாறைக்குள் கோடாக ஓடுவதைத் தேடுவதில்லை. பழைய ஆற்றுப் படுகைகளின் அடியில், அடிப்பாறையை ஒட்டிக் கிடக்கும் சரளையில் பொடியாகவும் சிறு கட்டிகளாகவும் கலந்திருக்கிறது. அந்தச் சரளைக்கு மேலே பல அடி உயரத்துக்குக் கறுத்த மண், அதிலும் பாதி, வருடக்கணக்கில் உறைந்து கிடக்கும் மண். மேல்மண்ணை நீக்கியாக வேண்டும். அதில் தங்கம் இல்லை, ஆனால் டீசல் குடிக்கும். உறைமண்ணை ஒரே மூச்சில் கிழிக்கவும் முடியாது. மேலே உருகிய அளவுக்குச் சுரண்டிவிட்டு மறுபடி வெயில்படக் காத்திருக்க வேண்டும். பிறகு சரளையை அள்ளி, அலசும் ஆலையில் போட்டு, தண்ணீர் விட்டுக் கழுவி, சரிவான பெட்டிகளில் ஓடவிட்டால் கனமான தங்கம் அடியில் தங்கும். இதெல்லாம் மே வாக்கில் தொடங்கி அக்டோபரில் தண்ணீர் உறையும் வரைக்கும்தான். வருடத்தில் பாதிக்கு மேல் இயந்திரம் சும்மா நிற்கும், அதன் கடனுக்கான வட்டி நிற்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, விகிதம் புரிவதற்காக. 100 கன கெஜம் சரளைக்கு ஒரு அவுன்ஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் அளவில் 100 கன கெஜம் என்பது 27 யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் ஒன்பது லோடு. ஒன்பது லோடு ஜல்லியில் நாலு பவுன். அதுவும் பொடியாக.

ஆலை மணிக்கு 150 கன கெஜம் அலசுகிறது, நாளைக்குப் பத்து மணி நேரம், நூறு நாள். மொத்தம் ஒன்றரை லட்சம் கன கெஜம், 1,500 அவுன்ஸ். டிவியில் இந்த எண்தான் கொட்டை எழுத்தில் வரும். ஆனால் ஆற்றுத் தங்கம் சுத்தத் தங்கம் இல்லை. க்ளோண்டைக் தங்கத்தில் வெள்ளி நிறையக் கலந்திருக்கும். 80 சதவீதம் என்று வைத்தால் உருக்கிய பிறகு கையில் 1,200 அவுன்ஸ். சரளைக்கு மேலே அதைப்போல மூன்று மடங்கு மேல்மண் என்றால், மொத்தம் புரட்டியது ஆறு லட்சம் கன கெஜம். டீசல், சம்பளம், சாப்பாடு, உதிரிப்பாகம், வண்டித் தேய்மானம் எல்லாம் சேர்த்துக் கெஜத்துக்கு 4 டாலர் என்றால் செலவு 24 லட்சம் டாலர். நிலக்காரருக்கு 15 சதவீதம்.

இப்போது தங்க விலையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அவுன்ஸ் 1,300 டாலர் என்றால் வரவு 15.6 லட்சம், நிலக்காரர் பங்கு போக 13.3 லட்சம், தோண்டியவருக்குப் பத்து லட்சத்துக்கு மேல் நஷ்டம். 2,600 டாலர் என்றால் பங்கு போக 26.5 லட்சம், லாபம் இரண்டரை லட்சம், ஒரு பெரிய புல்டோசரின் இன்ஜின் போனால் அதுவும் காலி. 4,000 டாலர் என்றால் பங்கு போக 40.8 லட்சம், லாபம் 16.8 லட்சம். அதே நிலம், அதே ஆட்கள், அதே உழைப்பு. செலவு மட்டும் அப்படியே நிற்கும் என்பது என் வசதிக்கு வைத்தது. தங்கம் ஏறிய வருடங்களில் டீசலும் சம்பளமும் ஏறாமல் இருக்கவில்லை.

விலையை விட்டுவிட்டு மண்ணைத் தொடுவோம். 100 கெஜத்துக்கு ஒரு அவுன்ஸுக்குப் பதிலாக 0.7 அவுன்ஸ்தான் வந்தால், 2,600 டாலர் விலையிலும் நஷ்டம் ஐந்து லட்சத்துக்கு மேல். 0.7-க்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. துளை போட்டுச் சோதித்தால்தான் தெரியும். ஹாஃப்மன் குழு முதல் சீசனில் செய்த தவறு இங்கேதான் என்பது என் எண்ணம். பழங்காலத்து அருவி விழுந்த குழி ஒன்று இருக்கும், அதன் அடியில் தங்கம் குவிந்திருக்கும் என்று நம்பி ஒரே குழியை ஆழமாகத் தோண்டிக்கொண்டே போனார்கள். எங்கள் ஊரில் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்து 900 அடி போர் போட்டவர்களை எனக்குத் தெரியும். பார்க்கர் பின்னாளில் செய்தது வேறு. துளை போட்டு, மாதிரி எடுத்து, எந்த வெட்டில் எவ்வளவு என்று கணக்கெழுதி, அப்புறம் மேல்மண்ணில் கை வைத்தார். ஒரே தொழில்தான், ஆனால் ஒருவர் சீட்டாடினார், இன்னொருவர் வெள்ளாமை செய்தார்.

ஹாஃப்மனைச் சும்மா குறை சொல்வதும் நியாயமில்லை. மூன்றாவது சீசனில் அவர்கள் 803 அவுன்ஸ் எடுத்தார்கள். அது மோசமான எண்ணே இல்லை. அதற்கு அடுத்த சீசனில் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு நிற்காமல் தென் அமெரிக்காவின் கயானா காட்டுக்குப் போனார்கள். அங்கே கிடைத்தது 2 அவுன்ஸ். எட்டு பவுன்கூட இல்லை.

விலையைப் பற்றி ஒரு சொல். 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலை மூடியபோது, உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 260 டாலர் பக்கம்தான் இருந்தது. எடுக்கும் செலவுக்கு விற்கும் விலை கட்டவில்லை. வட ஆற்காட்டிலிருந்து போய் மூன்று தலைமுறையாக அங்கே இறங்கி ஏறிய தமிழ்க் குடும்பங்கள் வேலையில்லாமல் நின்றன. 2025 அக்டோபரில் அதே அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. தோண்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்த எண் அவர் கையில் இல்லை.

யூக்கான்காரர்களுக்கு இதில் ஒரு சின்னச் சாதகம் உண்டு, டிவியில் யாரும் அதைச் சொல்வதில்லை. தங்கம் விற்பது அமெரிக்க டாலர் விலையில். சம்பளமும் சாப்பாடும் கனடா டாலரில். 2011, 2012 வாக்கில் இரண்டு டாலரும் ஏறக்குறையச் சமம். அப்புறம் கனடா டாலர் இறங்கியது. ஏற்றுமதிக்காரருக்கு ரூபாய் இறங்கினால் வரும் அதே சந்தோஷம் இவர்களுக்கும்.

சரி, நிலக்காரர் பக்கம் வருவோம். மேலே போட்ட கணக்கில் அவருடைய பங்கைத் தனியாக எடுத்துப் பாருங்கள். தங்கம் 1,300 டாலராக இருந்து, தோண்டியவர் பத்து லட்சம் இழந்த வருடத்தில் அவருக்கு 2.3 லட்சம். 2,600-இல் 4.7 லட்சம். 4,000-இல் 7.2 லட்சம். எந்த வருடத்திலும் கழித்தல் குறி கிடையாது.

நிகழ்ச்சியில் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் டோனி பீட்ஸ். நெதர்லாந்தில் பிறந்து கனடாவுக்கு வந்தவர், 1980-களிலிருந்து க்ளோண்டைக்கில் இருப்பவர், நீளத் தாடி, அதைவிட நீளமான வசைச்சொற்கள். பார்க்கர் முதன்முதலில் யூக்கானில் தோண்டியது இவருடைய ஸ்க்ரிப்னர் க்ரீக் நிலத்தில். எடுத்த தங்கத்தில் ஒரு பங்கு பீட்ஸுக்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் பல சீசன்களுக்கு இரண்டு பேருக்கும் சண்டை. நம் தஞ்சாவூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஒரே தொகை. வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. பீட்ஸ் வாங்குவது மேல்வாரம். நிலக்காரர் களத்துமேட்டில் குடையோடு வந்து நிற்பதைப்போல, தங்கம் எடை போடும் நாளில் இவர் வந்து நிற்பார்.

இதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று. யூக்கான் அரசுக்குத் தர வேண்டிய ராயல்டி இரண்டரை சதவீதம். ஆனால் சட்டப்படி அந்தக் கணக்குக்குத் தங்கத்தின் விலை அவுன்ஸ் 15 டாலர். நூறு வருடத்துக்கு மேலாக அதே 15 டாலர். ஆக அவுன்ஸுக்கு 37.5 சென்ட். ஆயிரம் அவுன்ஸ் எடுப்பவர் அரசுக்குக் கட்டுவது 375 டாலர், நிலக்காரருக்கு, என் 15 சதவீதக் கணக்கில், 150 அவுன்ஸ் தங்கம். பூமி அரசுடையது, முந்தி வந்து எல்லைக்கோல் நட்டுத் தோண்டும் உரிமையைப் பதிவு செய்தவருக்குத்தான் மேல்வாரம்.

அப்படியானால் நாமே கோல் நட்டுவிடலாமே என்று தோன்றும். பதிவுக் கட்டணம் சொற்பம்தான். சிக்கல் என்னவென்றால் நல்ல இடங்களில் 1896-லேயே கோல் நட்டாகிவிட்டது. அந்த வருடம் ஆகஸ்டில் பொனான்ஸா ஓடையில் தங்கம் தெரிந்தது. அப்புறம் மிதவைத் தோண்டி இயந்திரங்கள் வந்து 1966 வரை அதே ஓடைகளைப் புரட்டிப் போட்டன. இன்று மிச்சமிருப்பது அவர்கள் விட்டதும் தொடாததும். அதிலும் தேறும் இடங்கள் பீட்ஸைப்போல முப்பது நாற்பது வருடம் அங்கேயே கிடந்தவர்கள் கையில் இருக்கின்றன. நிலக்காரராவது லாபம்தான், ஆனால் அது இந்த வருடம் எடுக்கக்கூடிய முடிவு இல்லை.

விலைக்கு வாங்கினால்? பார்க்கர் அதைத்தான் செய்தார். டொமினியன் க்ரீக் நிலத்தை 1.5 கோடி டாலருக்கு வாங்கினார். அவருடைய நல்ல சீசன் ஒன்றின் மொத்தத் தங்கத்துக்கு ஈடான தொகை. மேல்வாரம் கொடுத்து அலுத்தவர் கடைசியில் நிலக்காரராக ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அப்புறம் அந்தக் கடனே ஒரு மேல்வாரம் கேட்கும், அது விளைச்சல் பார்த்துக் கேட்காது.

வாரக்குடியாக இருப்பதில் இன்னொரு ஆபத்து, நிலம் கைமாறுவது. ஹாஃப்மன் குழு முதல் வருடம் தோண்டிய போர்க்குப்பைன் க்ரீக் அடுத்த வருடம் ஃப்ரெட் ஹர்ட் என்பவர் கைக்குப் போனது. இவர்கள் போட்ட பாதை, நீக்கிய மேல்மண், வெட்டிய குழி எல்லாம் அங்கேயே. திரும்பி வந்தவர்கள் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வேறு இடம் தேடினார்கள்.

நிலக்காரர் என்றால் எப்போதும் கெட்டிக்காரர் என்றும் இல்லை. பீட்ஸ் சுமார் பத்து லட்சம் டாலருக்குப் பழைய மிதவைத் தோண்டி ஒன்றை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, வேறு ஓடைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார். டீசல் குறைவு, ஆள் குறைவு என்ற அவர் வாதம் காகிதத்தில் சரிதான். பார்க்க அழகான காட்சியும்கூட. நான் ரசித்துப் பார்த்தேன், ஆனால் என் காசாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். இன்னொரு சமயம், குட்டையில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தியது கேமராவிலேயே பதிவாகி, வழக்காகி, 2017-இல் அவருக்கும் அவருடைய கம்பெனிக்கும் சேர்த்து 31,000 டாலர் அபராதம். தங்கம் எடுக்கும் நாட்டில் தண்ணீருக்குத்தான் காவல் அதிகம். தண்ணீர் எடுக்க உரிமம் இல்லாவிட்டால், தங்கம் காலடியில் கிடந்தாலும் ஆலையை ஓட்ட முடியாது.

சம்பளத்துக்குப் போவதைப் பற்றி நிகழ்ச்சி பார்ப்பவர்கள் யோசிப்பதே இல்லை. முகாமில் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும், செலவு செய்யக் கடை கிடையாது, ஐந்தாறு மாதச் சம்பளம் மொத்தமாகக் கையில் நிற்கும். தங்கம் வராத வாரத்திலும் சம்பளம் வரும். ‘பங்கு தருகிறேன், சம்பளம் வேண்டாம்’ என்று சொன்னால் மட்டும் உஷாராக வேண்டும். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வேலை போய் நின்றவர்கள்தான் ஹாஃப்மனின் முதல் குழு. 57 பவுனை எத்தனை பேர் பங்கு போடுவது? அது கூட்டாளி ஆவது மாதிரி தெரியும், உண்மையில் முதலாளியின் நஷ்டத்தில் பங்கு.

அதே நிகழ்ச்சியில் வரும் ரிக் நெஸ் போன பாதை நல்ல உதாரணம். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர், பார்க்கரிடம் சேர்ந்தார், மேஸ்திரி நிலைக்கு வந்தார், 2018-இல் சொந்தக் குழு தொடங்கினார். இடைப்பட்ட வருடங்களில் எந்த மண்ணை எப்போது தொடுவது, ஆலையை எங்கே நிறுத்துவது, பம்பு நின்றால் யாரை அழைப்பது எல்லாம் அடுத்தவர் டீசலில் கற்றது. சொந்தக் குழு ஆரம்பித்த பிறகு அவருக்கும் மேடு பள்ளம் வந்தது, ஒரு சீசன் முழுக்க வராமலும் இருந்தார். ஆனாலும் முதல் நாளே எல்லாம் புதிதாக நின்ற ஹாஃப்மனுக்கும் இவருக்கும் வித்தியாசம் தெரிந்தது.

சாமான் விற்பவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, 1897-லேயே அது முடிவான விஷயம். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் க்ளோண்டைக் நோக்கிக் கிளம்பினார்கள். முப்பது நாற்பதாயிரம் பேர்தான் டாசன் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். தங்கம் கண்டவர்கள் நாலாயிரம் பேர் இருக்கலாம். கனடாக் காவல்படை ஒவ்வொருவரும் வருடத்துக்கான உணவோடு வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. சாமான் எல்லாம் சேர்த்தால் ஒரு டன் ஆகும். அந்த ஒரு டன்னை சியாட்டில் கடைக்காரர்கள் விற்றார்கள். ஜோ லடூ என்பவர் ஓடையில் இறங்காமல், ஊர் எங்கே அமையும் என்று பார்த்து நிலத்தை வளைத்து, மரம் அறுக்கும் மில் போட்டு, மனையும் பலகையும் விற்றார். பெலிண்டா மல்ரூனி என்ற பெண் துணியும் வெந்நீர்ப் பையும் கொண்டுவந்து விற்று, அப்புறம் ஓட்டல் கட்டினார். டிரம்ப்பின் தாத்தா ஃப்ரெட்ரிக் டிரம்ப் அந்த வழியில் சாப்பாட்டுக் கடை நடத்திக் காசு சேர்த்தார்.

நம் பக்கமும் இதே கதை நடந்திருக்கிறது. 1880-ஐ ஒட்டிய வருடங்களில் நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பகுதியில் தங்கம் என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். தங்கம் சொல்லும்படி வரவில்லை. நோய் விழுந்து நொடித்துப் போயிருந்த காப்பித் தோட்டங்களை ‘தங்க பூமி’ என்று அந்தக் கம்பெனிகளுக்கு விற்றவர்கள் மட்டும் தப்பித்தார்கள்.

இன்று டாசனில் அந்த இடத்தில் இருப்பவர்கள் டீசல்காரர், இயந்திர வாடகைக்காரர், வெல்டர், லாரிக்காரர். வொய்ட்ஹார்ஸ் நகரத்திலிருந்து டாசனுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு லிட்டரும் ஒவ்வொரு போல்ட்டும் அந்தச் சாலையில்தான் வர வேண்டும். பெரிய புல்டோசர் ஒன்று மணிக்கு 70, 80 லிட்டர் குடிக்கும். உடைந்தால் ஆள் வர ஒரு நாள், பாகம் வர ஒரு வாரம். ஆலை நிற்கும் ஒவ்வொரு நாளும் தோண்டுபவருக்கு நஷ்டம், வெல்டருக்கு வேலை. தங்க விலை இறங்கிக் குழுக்கள் குறைந்தால் இவர்களுக்கும் அடி விழும் என்பது உண்மை. ஆனால் எடை போடும் நாளுக்காக இவர்கள் காத்திருப்பதில்லை.

இப்போது கேமரா. 14.64 அவுன்ஸ் எடுத்த குழு அடுத்த வருடம் எப்படி இன்னும் பெரிய இயந்திரங்களோடு க்ளோண்டைக்குக்கு வந்தது? தங்கக் காசில் வந்திருக்க முடியாது. நிகழ்ச்சியில் வருபவர்களுக்குத் தனியாகச் சம்பளம் உண்டு. அது தராசில் ஏறாத வருமானம். வாராவாரம் நாம் பார்க்கும் எடை, செலவு கழிக்காத வரவு. கேமரா சம்பளமோ அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆக அவர்கள் கணக்கில் இரண்டு பக்கமும் மறைவு. ஹாஃப்மன் 2018-இல் அந்த நிகழ்ச்சியை விட்டு விலகிய பிறகும் சில வருடம் கழித்து வேறொரு தங்க நிகழ்ச்சியில் திரும்ப வந்தார். அவருக்கு நன்றாக வந்த விளைச்சல் எது என்று அதிலேயே தெரிகிறது. அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. தோற்பதைக்கூட ஊரே உட்கார்ந்து பார்க்க வைப்பது ஒரு திறமைதான். ஆனால் கேமரா வராத குழு ஒன்று அதே செலவில் அதே மண்ணைத் தோண்டினால் என்னாகும் என்பதற்கு இந்த நிகழ்ச்சி சாட்சியே இல்லை. டிவியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

கடைசி இடம், வீட்டிலேயே இருப்பது. கையில் 2.5 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2010-இன் சராசரி விலை 1,225 டாலர் பக்கம். அந்தக் காசுக்கு 204 அவுன்ஸ் வாங்கலாம், ஹாஃப்மன் குழு தோண்டியதைப்போல பதினான்கு மடங்கு, நகம் அழுக்காகாமல். 2015 கடைசியில் தங்கம் 1,060-க்கு விழுந்தபோது அது 2.16 லட்சமாகச் சுருங்கியிருக்கும்; ஐந்து வருடம் காத்திருந்து நஷ்டம் பார்க்கும் நிலை. விற்காமல் இருந்தால் 4,000 டாலர் விலையில் எட்டு லட்சத்துக்கு மேல். இதில் பெருமை இல்லை, கதை இல்லை, டிவியில் யாரும் காட்ட மாட்டார்கள். தோண்டுபவரும் கடைசியில் பந்தயம் கட்டுவது இதே விலையின் மீதுதான். கூடவே இயந்திரம், மழை, உறைமண், தண்ணீர் உரிமம் எல்லாவற்றின் மீதும் சேர்த்துக் கட்டுகிறார். விலை இரண்டு மடங்காகும்போது அவர் லாபம் பல மடங்காகலாம். என் கணக்கிலேயே 2,600-இலிருந்து 4,000-க்கு விலை ஏறியது ஒன்றரை மடங்கு, லாபம் ஏறியது ஆறு மடங்குக்கு மேல். அந்த ஆசைதான் ஒவ்வொரு மே மாதமும் அவர்களை அந்தச் சாலையில் வண்டி ஏற்ற வைக்கிறது, அது முட்டாள்தனமும் இல்லை.

என்னிடம் யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன். இரண்டரை லட்சம் டாலர் வைத்திருப்பவர் தோண்டப் போகவே வேண்டாம். அது ஒரு ஆலைக்கும் அரை சீசன் டீசலுக்கும் சரியாகப் போய்விடும், முதல் இன்ஜின் உடையும் நாளில் ஆட்டம் முடிந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவர் இரண்டு சீசன் சம்பளத்துக்குப் போகலாம், போகும்போது காசைத் தங்கமாகவே வைத்துவிட்டுப் போகலாம். இருபது முப்பது லட்சம் இருந்து, ஒரு முழு வருட நஷ்டத்தைத் தாங்கவும் முடியும் என்பவருக்கு 4,000 டாலர் விலையில் வாரத்துக்கு நிலம் எடுப்பது யோசிக்கத் தகுந்ததுதான். ஆனால் துளை போட்ட கணக்கு கையில் வேண்டும், தண்ணீர் உரிமம் நிலக்காரர் வாயில் இல்லாமல் காகிதத்தில் வேண்டும், வாரம் எத்தனை வருடத்துக்கு என்று எழுதியிருக்க வேண்டும். என் கணக்கை 2,600 டாலரில் போட்டுப் பார்த்தும் நஷ்டம் வராத மண்ணாக இருந்தால் மட்டும்.

இதையெல்லாம் அண்ணனிடமும் சொன்னேன், ரிக் வண்டியைக் கொண்டுபோய் அங்கே துளை போட்டால் என்ன என்று விளையாட்டாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். திரையில் யாரோ தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அடிக் கணக்குலயே பேசிக்கலாமா?” என்றார். “டீசல் அவிய ஊத்தோணும்.”